வலிக்கு ஐஸ் வைத்த கதை

1807 பிப்ரவரியில், பிரஷ்யாவின் எய்லாவ் என்ற சிற்றூருக்கு வெளியே நெப்போலியனின் படையும் ரஷ்யப் படையும் பனிப்புயலுக்கு நடுவே மோதிக்கொண்டன. எதிரே வருபவன் நம்மவனா, எதிரியா என்று தெரியாத அளவுக்குக் கண்ணை மறைத்தது பனி. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டுவந்து போட்ட இடத்தில் தொமினிக் ழான் லாரே கத்தியும் ரம்பமுமாக நின்றிருந்தார். நெப்போலியனின் காவல்படைக்கு அவர்தான் அறுவை மருத்துவர். குண்டு சிதைத்த கையையும் காலையும் வெட்டி எடுப்பதைத் தவிர அன்று வேறு வழி கிடையாது. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது.

பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே 19 டிகிரி வரை இறங்கியிருந்தது. உதவிக்கு நின்ற மாணவர்களின் விறைத்த விரல்களிலிருந்து கருவிகள் நழுவி நழுவி விழுந்தன. அந்த நிலையிலும் லாரே ஒன்றைக் கவனித்தார். வெட்டவெளிப் பனியில் நெடுநேரம் கிடந்து கை கால் மரத்துப்போனவர்கள், ரம்பம் பட்டபோது மற்றவர்களைப் போல அலறவில்லை. அதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

லாரே கூர்மையான கண் உள்ளவர்தான். ஆனால் அதே போர்க்களத்தில் இன்னொன்றையும் பார்த்தார்: உறைந்த கால்களை நெருப்பருகே நீட்டிச் சூடேற்றியவர்களுக்குக் கால் அழுகிப்போனது. அதனால் உறைந்த உறுப்பைப் பனியாலேயே தேய்த்து மெல்ல மெல்ல மீட்க வேண்டும் என்று சொன்னார். அவர் பேச்சுக்கு இருந்த மதிப்பில் அந்தப் பழக்கம் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதனால் கெட்ட விரல்களுக்குக் கணக்கே இல்லை. வெதுவெதுப்பான நீரில் வேகமாகச் சூடேற்றுவதே சரி என்று மருத்துவம் திரும்பியது 1950களில்தான். குளிரின் கதையில் இது அடிக்கடி நடப்பது. கண்ணால் கண்டது சரியாக இருக்கும். அதிலிருந்து எடுத்த முடிவு பிசகிப்போகும்.

குளிர் வலியை மழுங்கடிக்கும் என்பது லாரேவுக்கு முன்பே தெரிந்த சங்கதி. மூட்டு வீக்கத்துக்கும் சுளுக்குக்கும் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றினால் வீக்கம் வற்றும், வலி தணியும் என்று ஹிப்போகிரட்டீஸின் பெயரில் வழங்கும் மருத்துவக் குறிப்புகளில் இருக்கிறது. கொஞ்சம் மரத்துப்போனால் வலி போய்விடும் என்று காரணமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. பனியும் பனிநீரும் உணர்வை மந்தமாக்கும் என்று இப்னு சீனா எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸின் மார்க்கோ அவுரேலியோ செவெரினோ, கத்தி வைக்க வேண்டிய இடத்தில் பனியை மெல்லிய கோடுகளாக வைத்து, கால் மணி நேரம் பொறுத்திருந்து அறுத்தார். பனியைப் பரப்பி வைத்தால் சதை செத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மலைப்பனியைக் கொண்டுவந்து விற்பது நேப்பிள்ஸில் பெரிய வியாபாரமாக இருந்ததால் சரக்குக்குப் பஞ்சமில்லை. டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலின் 1661இல் பனியின் மருத்துவப் பயனைப் பற்றி ஒரு தனி நூலே எழுதி, இந்த வித்தையைச் செவெரினோவின் பேரில் பதிந்துவைத்தார்.

மரத்துப்போனால் வலி தெரியாது. பனிக்கட்டிக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை இது ஒன்றுதான் என்பது என் கட்சி. அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையும் அதன் தலையில் வேறு வேறு வேலைகளை ஏற்றிவைத்தது. அவற்றை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கும் காலத்தில்தான் நாம் இருக்கிறோம்.

செவெரினோவின் கோடுகளை மறந்துவிட்ட ஐரோப்பாவுக்கு அதைத் திரும்பவும் நினைவுபடுத்தியவர் ஜேம்ஸ் ஆர்னட். இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரை ஊரில் மருத்துவம் பார்த்தவர். நொறுக்கிய ஐஸோடு உப்பைக் கலந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும். நம் தெருவில் குல்ஃபி விற்பவர் பானைக்குள் செய்துவைப்பதும் அதே கலவைதான். ஆர்னட் அதைப் பையில் கட்டி, தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் வைத்தார். வெளியே தெரியும்படி முற்றிய மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளின் மேலும் வைத்தார். கட்டி சற்றுச் சுருங்கியது. வலியும் கசிவும் குறைந்தன. புற்றுநோயைக் குணமாக்கிவிட்டேன் என்று அவர் தம்பட்டம் அடிக்கவில்லை. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அவருடைய கருவிக்குப் பதக்கம் கிடைத்தது.

அவர் வந்த நேரம்தான் சரியில்லை. 1846இல் ஈதர் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே குளோரோஃபார்ம். 1848 ஜனவரியில், கால் விரல் நகத்தை எடுப்பதற்காக குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுப் பெண் ஒருத்தி சில நிமிடங்களில் இறந்துபோனாள். நகம் எடுக்க ஆளையே ஏன் மயக்க வேண்டும், விரலை மட்டும் மரக்கவைத்தால் போதாதா என்று ஆர்னட் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நோயாளி அசையாமல் கிடக்கும்போது வயிற்றுக்குள்ளேயே கை விடலாம் என்று கண்டுகொண்ட அறுவை மருத்துவர்களுக்கு, தோலோடு நின்றுவிடும் பனிக்கட்டி அற்பமாகத் தெரிந்தது. ஆர்னட் தோற்றார்.

அதே 1851ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் 8080 என்ற எண்ணில் ஒரு காப்புரிமை பதிவாயிற்று. ஐஸ் செய்யும் எந்திரம். எடுத்தவர் வியாபாரி அல்ல, ஃபுளோரிடாவின் அபலாச்சிகோலா துறைமுகத்து டாக்டர் ஜான் கோரி. காய்ச்சல்காரர்கள் படுத்திருந்த அறையின் கூரையிலிருந்து ஐஸ் நிரப்பிய தொட்டியைத் தொங்கவிட்டுக் காற்றைக் குளிர்வித்துக்கொண்டிருந்தார். ஐஸ் வடக்கிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதித்தால் அறை கொதித்தது. காற்றை அழுத்தி, நீரால் குளிரவைத்து, மீண்டும் விரியவிட்டால் அது கடுங்குளிராகும் என்ற எளிய இயற்பியலில் அவர் எந்திரம் ஓடியது. பணம் போட ஆள் கிடைக்காமல் 1855இல் காலமானார். இன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஃபுளோரிடாவின் சார்பில் அவருக்குச் சிலை நிற்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜும் ஏசியும் காய்ச்சல் வார்டில் தொடங்கிய முயற்சிக்குக் கடன்பட்டவை என்பது எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கும்.

கோரிக்கு முன்னாலேயே ஐஸ் சென்னைக்கு வந்துவிட்டது. பாஸ்டனின் ஃபிரெடரிக் டியூடர் குளிர்காலத்தில் ஏரிகளின் மேல் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலேற்றி விற்றவர். 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் ஏற்றி கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் நிலநடுக்கோட்டைத் தாண்டி வந்தும் அதில் 100 டன் மிஞ்சியது. 1842இல் மெரினா கடற்கரை எதிரே, சரக்கை இறக்கிவைக்க வட்ட முகப்போடு ஒரு கிடங்கு எழுந்தது. உள்ளூர் ஐஸ் எந்திரங்கள் வந்ததும் அந்த வியாபாரம் 1880 வாக்கில் படுத்துவிட்டது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் கைக்குப் போயிற்று. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு அங்கே விடுதி நடத்தினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் போகவில்லை.

அந்தக் கிடங்கின் ஐஸ் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் கோப்பைக்குள்ளும் காய்ச்சல் கண்ட அவர்களுடைய நெற்றியின் மேலும் கரைந்தது. ஊர் மக்களின் வைத்தியத்துக்குள் அது நுழையவில்லை. நுழையவும் வழியில்லை. நம் ஒத்தடம் முழுக்கச் சூட்டு ஒத்தடம்: வறுத்த உப்பு, தவிடு, வதக்கிய நொச்சி இலை, விளக்கெண்ணெய் தடவி வாட்டிய ஆமணக்கு இலை. குளிர்ச்சி என்றாலே சளி, வாதம், மூட்டுப் பிடிப்பு என்று பயப்படும் ஊர் இது. அடிபட்ட இடத்தில் ஐஸ் வைப்பது நம் வீடுகளுக்கு வந்தது ஃப்ரிட்ஜோடுதான். இன்றும் பிசியோதெரபிஸ்ட் எதிரே உட்காருபவர் முதலில் கேட்பது, “சார், ஐஸ் வைக்கணுமா, வெந்நீர் ஒத்தடமா?” என்பதுதான். பக்கத்தில் நிற்கும் அம்மா எப்போதும் வெந்நீர்க் கட்சி.

ஐஸ் விளையாட்டு மைதானத்துக்குள் வந்தது மெதுவாக. இங்கிலாந்தின் கால்பந்து ஆட்டங்களில் ‘மாயப் பஞ்சு’ என்று கேலியாகச் சொல்வார்கள்: பயிற்சியாளர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, விழுந்துகிடப்பவரின் காலில் பஞ்சை முக்கிப் பிழிவார், ஆள் எழுந்து ஓடிவிடுவார். வேகமாக ஆவியாகும் எத்தில் குளோரைடு ஸ்ப்ரே அதற்குப் பின்னால் வந்தது. 12 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் அது. தோலில் பட்டதும் அங்குள்ள சூட்டைப் பிடுங்கிக்கொண்டு பறந்துவிடும். ஒரு நிமிடம் தோல் உணர்விழக்கும். ஆட்டக்காரருக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

1960களில் அமெரிக்க பேஸ்பால் உலகம் ஒரு புகைப்படத்தைப் பார்த்துப் பழகியது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பந்து வீச்சாளர் சேண்டி கூஃபாக்ஸ், ஆட்டம் முடிந்ததும் இடது முழங்கையை ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பார். தோல் உறைந்துவிடாமல் இருக்கக் கைக்கு ரப்பர் உறை. ஆட்டத்துக்கு முன்னால் மிளகாய்க் காரத்தை மூலப்பொருளாகக் கொண்ட களிம்பு. ஆட்டத்துக்குப் பின்னால் ஐஸ். நாட்டின் தலைசிறந்த வீச்சாளர் அவர். 1966 பருவம் முடிந்ததும், முப்பது வயதில், தேய்ந்துபோன மூட்டோடு ஆட்டத்தை விட்டு விலகினார். ஐஸ் அவர் வலியை அடக்கியது. அதனாலேயே தேய்ந்துகொண்டிருந்த மூட்டை வைத்து அத்தனை ஆட்டங்கள் ஆட முடிந்தது. இதை நன்மை என்பதா, கெடுதல் என்பதா? எனக்கு இரண்டும் சேர்ந்தே தெரிகிறது. நாடு முழுக்க இளம் வீச்சாளர்கள் கையில் ஐஸ் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார்கள்.

அதே பத்தாண்டில் இன்னொரு செய்தி. 1962 மே மாதம், பாஸ்டன் அருகே சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு போன 12 வயதுச் சிறுவன் ஒருவனின் வலது கை தோளுக்குக் கீழே துண்டானது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரொனால்டு மால்ட் தலைமையிலான குழு, ஐஸில் வைத்திருந்த அந்தக் கையைத் திரும்பப் பொருத்தியது. முழுதாகத் துண்டான கையை ஒட்டவைத்து வெற்றி கண்டது உலகில் அதுவே முதல் முறை. துண்டான உறுப்புக்குக் குளிர் தேவைதான். ரத்தம் வராத திசுவின் பசியை அது குறைக்கிறது, அழுகுவதைத் தள்ளிப்போடுகிறது. (அதுவும் ஐஸில் நேராகப் புதைக்கக் கூடாது. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைக்க வேண்டும்.) செய்தி ஊர் ஊராகப் பரவும்போது நுணுக்கம் உதிர்ந்துபோயிற்று, அடிபட்டால் ஐஸ் என்பது மட்டும் மிஞ்சியது என்று சொல்பவர்கள் உண்டு.

அந்த நம்பிக்கைக்கு ஒரு மந்திரச் சொல் கிடைத்தது 1978இல். அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், தான் எழுதிய விளையாட்டு மருத்துவ நூலில் ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் கோத்து ‘ரைஸ்’ என்று பெயர் வைத்தார். பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரிலிருந்து ஒலிம்பிக் மருத்துவர் வரை எல்லார் வாயிலும் அது ஏறிக்கொண்டது. இப்போது ஐஸுக்கு மூன்று வேலை: வலியைத் தணிக்க வேண்டும், வீக்கத்தை அடக்க வேண்டும், காயத்தைச் சீக்கிரம் ஆற்ற வேண்டும். மூன்றாவதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஊர்த் திருவிழாக் கபடி ஆட்டத்தில் அந்த ரைஸ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மணி பத்தரை. ரெய்டுக்குப் போனவன் கணுக்கால் மடங்கி விழுந்துவிட்டான். “டேய், ஜூஸ் கடையில ஐஸ் கேளுடா” என்று ஒரு குரல். கேரி பேக்கில் ஐஸ் வருகிறது. மேலே இன்னும் எலுமிச்சை வாசம். பையைக் கணுக்காலில் வைத்துத் துண்டால் சுற்றுகிறார்கள். “அண்ணே, எரியுதுண்ணே.” “எரியட்டும், எடுக்காத. பதினஞ்சு நிமிஷம்.” அதற்குள் ஒரு பெரியவர் வந்து, ஐஸெல்லாம் எதற்கு, எண்ணெய் போட்டு நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்கிறார். அவரை அப்புறப்படுத்துவதுதான் அந்த இடத்தில் செய்ய வேண்டிய முதல் மருத்துவம். கிழிந்த தசைநாரை அடிபட்ட சூட்டோடு நீவினால் ரத்தக்கசிவு கூடும். கால் மணி கழித்துப் பையன் எழுந்து, வலிக்கவில்லை, இறங்குகிறேன் என்கிறான். ஐஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. அதனால் வரும் ஆபத்தும் அங்கேயே நிற்கிறது, கிழிந்த தசைநாரோடு மைதானத்துக்குள் ஓடத் தயாராக.

எரியுது என்று அவன் சொன்னது உண்மை. பிசியோதெரபி அறையில் இதைச் சாவகாசமாகப் பார்க்கலாம். காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி உறையவைத்திருப்பார்கள். கப்பின் விளிம்பை இரண்டு விரல் அளவுக்குக் கிழித்தால் ஐஸ் மூக்கை நீட்டும். அடிப்பாகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வலிக்கிற இடத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார் தெரபிஸ்ட். முதலில் ஜில்லென்று இருக்கும். பிறகு எரியும். அதன் பின் உள்ளே கடுக்கும். பலர் இந்த இடத்தில் கையைத் தட்டிவிடுவார்கள். பொறுத்தால் ஏழெட்டு நிமிடத்தில் மரத்துப்போகும். தோல் சிவந்து, தொட்டால் யாரோ வேறு ஆளின் கால் மாதிரி இருக்கும். மரத்ததும் நிறுத்திவிட வேண்டும்.

உள்ளே நடப்பது சிக்கலானதல்ல. நரம்பின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் அதன் வழியே செய்தி போகும் வேகம் நொடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் குறைகிறது. 33 டிகிரியில் இருக்கும் தோல் 13 டிகிரி அளவுக்கு இறங்கும்போது வலிச்செய்தி திக்கித் திணறத் தொடங்கும். உருகும் ஐஸ்தான் இதற்கு ஏற்றது. ஒரு கிராம் ஐஸ் உருக எண்பது கலோரி வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற ஒரு கலோரி போதும். அதனால் ஐஸ் நெடுநேரம் பூஜ்யத்திலேயே நின்று சூட்டை உறிஞ்சுகிறது. ஃப்ரீஸரில் கிடந்த ஜெல் பையோ பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து, பதினெட்டில் வெளியே வருகிறது. துணி சுற்றாமல் வைத்தால் தோல் வெந்தாற்போல் ஆகும். முழங்காலின் வெளிப்பக்கத்திலும் முழங்கையின் உட்பக்கத்திலும் நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது. முழங்காலில் அதிக நேரம் ஐஸ் கட்டிப் பாதம் தூக்க முடியாமல் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

இருபது நிமிடம் வை என்பது எல்லாருக்கும் பொருந்தாது என்று 2002இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தொடையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துத் தசையை 7 டிகிரி குளிர்விக்க, கொழுப்பு மெலிந்தவருக்கு 8 நிமிடம் பிடித்தது. கொழுப்பு தடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரத்தக்குழாய் சுருங்குவதும் ஒரே சீராக நடப்பதில்லை. 1930இல் மருத்துவர் தாமஸ் லூயிஸ் விரல்களை ஐஸ் நீரில் வைத்துப் பார்த்தார். வெப்பம் இறங்கியது, சில நிமிடத்தில் தானாக ஏறியது, மறுபடி இறங்கியது. விரல் செத்துவிடக் கூடாதே என்று உடம்பு குழாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

ஏற்றிவைத்த வேலைகளில் மிகக் கொடுமையானது பாம்புக்கடி. 1950களில் அரிசோனாவின் விலங்கியல் பேராசிரியர் ஹெர்பர்ட் ஸ்டான்கே, கட்டுப் போட்டு, கடிபட்ட கையை ஐஸ் நீரில் மணிக்கணக்கில் வைத்தால் விஷம் முடங்கிவிடும் என்று பரப்பினார். விஷம் முடங்கவில்லை. விஷத்தால் பாதி செத்த திசுவைக் குளிர் முழுதாகக் கொன்றது. கையும் காலும் வெட்டப்பட்டன. பாம்புக்கடிக்கு ஐஸ் வைக்காதே என்று இன்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. தீக்காயத்துக்கும் ஐஸ் ஆகாது. இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் போதும்.

காயத்தைச் சீக்கிரம் ஆற்றும் அந்த மூன்றாவது வேலையையும் இறக்கிவைத்தார்கள். 2004இல் வடக்கு அயர்லாந்தின் கிறிஸ் பிளீக்லியும் கூட்டாளிகளும் 22 சோதனைகளை அலசிவிட்டு, அடிபட்ட இடத்தில் ஐஸ் வைப்பதற்கு ஆதாரம் மெலிந்தே இருக்கிறது என்றார்கள். அடிபட்ட இடம் வீங்குவது விபத்தல்ல. சிதைந்த தசையை அள்ளிப்போட்டு, புதுத் தசைக்கு ஆணை கொடுக்கும் வெள்ளணுக்கள் அங்கே வந்து இறங்குகின்றன. குளிர் அவற்றின் வரவைத் தாமதமாக்குகிறது. 2014இல் மிர்கினே பின்வாங்கினார்: ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும், வலிக்குச் சற்று நேரம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு தான் படைத்த சொல்லைத் தானே திருத்தும் மருத்துவர் அபூர்வம். ஆனால் ‘ரைஸ்’ அவர் பேச்சைக் கேட்கவில்லை. அது இன்னமும் முதலுதவிச் சுவரொட்டிகளில் இருக்கிறது.

ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தார் 2021இல் எலிகளின் தசையைச் சுருங்கும்போதே வலிந்து இழுத்துக் காயப்படுத்தி, ஐஸ் வைத்தவற்றில் தசை மீள்வது பிந்தியதைக் காட்டினார்கள். உடனே ஐஸே விஷம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதே குழுவினர் பிறகு லேசான காயத்தில் பார்த்தபோது ஐஸ் கெடுதல் செய்யவில்லை, உதவவே செய்தது. எலியின் கால் மனிதத் தொடையை விடப் பல மடங்கு சிறியது. அதில் குளிர் எலும்பு வரை இறங்கும். நம் தொடையில் தோலைத் தாண்டித் திணறும். இரு பக்கத்தாரும் சற்று நிதானித்தால் நல்லது.

உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள் ஐஸ் குளியல் போடுவதற்கும் இதே கதிதான். 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பளு தூக்கியவுடன் பத்து நிமிடம் 10 டிகிரித் தண்ணீரில் உட்கார்ந்தவர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். தசையும் வலுவும் மற்றவர்களை விடக் குறைவாகவே வளர்ந்திருந்தன. நாளைக் காலை இன்னோர் ஆட்டம் ஆட வேண்டும் என்றால் வலி குறைய ஐஸ் குளியல் சரி. தசை வளர வேண்டும் என்றால் தண்ணீர் வீண். 1978இல் ஜப்பானின் தொஷிமா யமாவுச்சி மூட்டுவாத நோயாளிகளுக்காகத் தொடங்கிய முழு உடல் குளிர் அறை, இன்று பூஜ்யத்துக்குக் கீழே 110 டிகிரி என்று விளம்பரம் செய்துகொண்டு நகரங்களில் கடை விரித்திருக்கிறது. அது நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. ஓட்டப்பந்தய வீரர் ஜஸ்டின் காட்லின் 2011இல் ஈரச் சாக்ஸோடு அப்படி ஓர் அறைக்குள் போய், பாதம் உறைந்து புண்ணாகி, உலகப் போட்டிக்கு அப்படியே வந்து நின்றார்.

குளிரே இல்லாமல் குளிரை விற்றவர்களும் உண்டு. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கி, 1914இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன் அப்படிப்பட்டது. மஞ்சள் தைலத்தை நெற்றியில் தடவினால் ஜில்லென்கிறது. தெர்மாமீட்டர் வைத்தால் ஒன்றும் மாறியிருக்காது. 2002இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் தனித்தனியே அதன் சூட்சுமத்தைக் கண்டார்கள். குளிரை உணரும் நரம்பு நுனியில் ஒரு புரதக் கதவு இருக்கிறது. குளிர் பட்டாலும் திறக்கிறது, மெந்தால் பட்டாலும் திறக்கிறது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தைக் கண்டதற்காக இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்துக்கடையில் நாம் வாங்கும் ‘ஐஸ்’ ஸ்ப்ரேக்களில் பலவும் அந்த மெந்தால் கதவைத்தான் தட்டுகின்றன.

பழைய ஆர்னட் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறார். 1976இல் ஆக்ஸ்போர்டின் ஜான் லாய்டும் சகாக்களும், ஊசி போன்ற கருவியின் நுனியில் வாயுவை விரியவிட்டு, வலிக்கும் இடத்தின் நரம்பையே உறையவைத்தார்கள். உறைந்த நரம்பின் உள்ளிழை சிதைகிறது. உறை மட்டும் குழாய் போல நிற்கிறது. அந்தக் குழாய் வழியே இழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று மீண்டும் வளர்ந்துவருகிறது. அதுவரை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அங்கே வலி இல்லை. உள்ளே குழிந்த மார்பெலும்பை நிமிர்த்தும் அறுவையில் விலா நரம்புகளை இப்படி உறையவைப்பதால், பிள்ளைகளுக்கு அபின் வகை மருந்துகள் குறைவாகத் தேவைப்படுகின்றன. முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஐஸ் வைப்பதிலும் சிறு நன்மை இருக்கிறது: முதல் இரண்டு நாள் வலி கொஞ்சம் குறைகிறது. அதற்கு மேல் கேட்காமல் இருந்தால் ஐஸ் ஏமாற்றுவதில்லை.

புற்றுநோய் வார்டில் ஐஸுக்கு இன்னொரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. ஃபுளூரோயூரசில் என்ற மருந்தை ஒரேயடியாக ஊசியில் ஏற்றும்போது வாய் முழுக்கப் புண்ணாகி, கஞ்சி கூட இறங்காமல் போகும். மருந்து ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் வாயில் ஐஸ் துண்டுகளைச் சுழற்றிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் வாயின் ரத்தக்குழாய்கள் சுருங்கி மருந்து அங்கே குறைவாக வந்து சேர்கிறது; புண்ணும் குறைகிறது. நர்ஸ் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி நொறுக்கி, ஒரு டம்ளரில் போட்டுத் தருவார். அடுத்த கட்டிலில் ஆக்சாலிபிளாட்டின் ஏறிக்கொண்டிருப்பவருக்கு அந்த டம்ளரைக் காட்டவே கூடாது. அந்த மருந்து குளிர் நரம்புகளைக் கிளறிவிடுகிறது. ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் விரலில் முள் குத்தும், குளிர்ந்த நீரை விழுங்கினால் தொண்டை அடைத்துக்கொண்டதுபோல் ஆகும். அவருக்கு ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர்.